நிறுவிய நூலகம் எங்கே போயிற்று?

நமது சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் இப்போது ஒரு மடிக்கணினியாவது இருக்கிறது. பள்ளியிலேயே பிள்ளைகள் பைதான் என்னும் நிரல்மொழியைத் தொட்டுவிடுகிறார்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விடுமுறை நாட்களில் கணிப்பொறி சொல்லிக் கொடுத்து வருகிறேன். அவர்கள் அடிக்கடி கொண்டுவரும் தொல்லை ஒன்றே ஒன்றுதான். “மாமா, இன்ஸ்டால் ஆச்சுன்னு காட்டுது. ஓட்டிப் பாத்தா அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு சொல்லுது!”

பள்ளிக்கூடத்தில் இது பெரும்பாலும் வருவதில்லை. கேரள அரசுப் பள்ளிகளில் ‘கைட்’ நிறுவனம் தயாரித்துத் தரும் லினக்ஸில், பாடத்துக்கு வேண்டியவை முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருக்கும். வீட்டில் எல்லாவற்றையும் நாமே நிறுவ வேண்டும். உதவிக்கு ஆளில்லாத பிள்ளை, ‘எனக்கு இது வராது’ என்று மடிக்கணினியை மூடி வைத்துவிடுகிறது. உண்மையான நட்டம் அதுதான். பெற்றோருக்கு நிரல் எழுதத் தெரியாவிட்டாலும், கீழே சொல்லும் கேள்விகளைக் கேட்கத் தெரிந்தால் போதும்.

நமக்குப் பொருத்தமான ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ‘பாறசாலை’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பா, ற, சா, லை என நான்கு. ஆனால் பைதானிடம் நீளம் கேட்டால் 7 என்கிறது. துணைக்காலையும் ஐகாரக் குறியையும் அது தனித்தனிக் குறிகளாக எண்ணுவதே காரணம். தமிழ் முறைப்படி எண்ணுவதற்கென்றே ‘ஓபன்-தமிழ்’ என்ற இலவச நூலகம் உள்ளது. நூலகம் என்பது, பிறர் எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பு. அதை நிறுவிய பிறகும் பிழை வந்தால் என்ன செய்வது?

முதல் கேள்வி: நிறுவியதும் ஓட்டுவதும் ஒரே பைதானா? ஒரே கணிப்பொறியில் இரண்டு மூன்று பைதான்கள் இருக்கலாம். தனியாக இறக்கியது ஒன்று, ‘தானி’ என்ற மென்பொருளுடன் வந்தது ஒன்று, ‘அனகோண்டா’வுடன் வந்தது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நூலகம் வைக்கும் அறை வேறு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைச் சொத்தின் பத்திரத்தை இந்தப் பக்கத்துப் பதிவு அலுவலகத்தில் தேடினால் கிடைக்குமா? பத்திரம் பத்திரமாகத்தான் இருக்கிறது. தேடிய அலுவலகம்தான் வேறு. இங்கும் அதே கதைதான்.

எந்தப் பைதான் ஓடுகிறது என்று அறிய, நிரலின் தலைப்பில் ‘இம்போர்ட் சிஸ்’ என்றும், அடுத்த வரியில் ‘பிரிண்ட்(சிஸ்.எக்ஸிகியூட்டபிள்)’ என்றும் எழுதி ஓட்டுங்கள். அதன் முழு முகவரி வரும். (இங்கே தமிழில் தந்துள்ள கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.) நூலகத்தை நிறுவும்போது வெறுமனே ‘பிப் இன்ஸ்டால்’ என்று கொடுக்காமல், ‘பைதான் -எம் பிப் இன்ஸ்டால் ஓபன்-தமிழ்’ என்று கொடுங்கள். ‘பைதான்’ என்ற சொல் இருக்கும் இடத்தில் முன்பு கிடைத்த அந்த முழு முகவரியையே போட்டால் (முகவரிக்குள் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோள் குறிக்குள்), நூலகம் வேறு அறைக்குப் போகாது. என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட பிழைகள் இத்துடன் தீர்ந்துவிடும்.

இரண்டாவது கேள்வி: அழைக்கும் பெயர் சரியா? நிறுவும் பெயரும் நிரலில் அழைக்கும் பெயரும் எப்போதும் ஒன்றல்ல. வீட்டில் கூப்பிடும் பெயரும் பள்ளிப் பதிவேட்டுப் பெயரும் வேறாக இருப்பதுபோலத்தான். நிறுவும்போது ‘ஓபன்-தமிழ்’, நிரலில் ‘இம்போர்ட் தமிழ்’ மட்டுமே. படங்களுக்கான ‘பில்லோ’வை ‘பி.ஐ.எல்.’ என்றும் (இதை மட்டும் ஆங்கிலப் பேரெழுத்தில், புள்ளியின்றித் தட்ட வேண்டும்), ‘ஓபன்சிவி-பைதான்’ நூலகத்தை ‘சிவி2’ என்றும் அழைக்க வேண்டும். பெயரை ஊகித்து எதையாவது நிறுவிவிட வேண்டாம். பிரபலமான பெயர்களைச் சற்றே மாற்றித் தீய நிரல்களை வைப்பவர்களும் உண்டு. நூலகத்தின் விளக்கக் குறிப்பைப் பார்த்தே பெயரைத் தட்டவும்.

மூன்றாவது கேள்வி: நம் கோப்பே குறுக்கே நிற்கிறதா? பைதான் முதலில் தேடுவது, ஓட்டும் நிரல் இருக்கும் கோப்புறையில். பிள்ளை தன் நிரலுக்கே ‘தமிழ்’ என்ற ஆங்கில எழுத்துப் பெயரைக் கொடுத்துச் சேமித்திருந்தால், பைதான் அதையே நூலகம் என்று எடுத்துக்கொள்ளும். அப்போது ‘நோ மாட்யூல்’ என்று வராமல், ‘கேனாட் இம்போர்ட் நேம்’ போன்ற வேறு பிழை வரும். கோப்பின் பெயரை மாற்றினால் போதும். ஆகவே பிழைச் செய்தியின் கடைசி வரியை நிதானமாக வாசிக்கப் பழக்குங்கள். வழி பெரும்பாலும் அந்த வரியில்தான் இருக்கிறது.

வீட்டில் லினக்ஸ் வைத்திருப்போருக்கு ஒரு சொல். 2023-இல் வந்த டெபியன் 12, 2024-இல் வந்த உபுண்டு 24.04 ஆகியவற்றில், பொதுப் பைதானுக்குள் ‘பிப்’ மூலம் நிறுவ முயன்றால் மறுத்துவிடும். கணிப்பொறியின் சொந்த வேலைகளுக்கும் அதே பைதான் பயன்படுவதால் இந்தக் காவல். அதை மீறக் கட்டளை தேடாமல், ‘பைதான்3 -எம் வென்வ் பாடம்’ என்று கொடுத்து ‘பாடம்’ என்ற தனி அறையை உண்டாக்கி, அதற்குள் இருக்கும் பைதானைக் கொண்டே நிறுவவும் ஓட்டவும் வேண்டும்.

அன்பான பெற்றோர்களே, பிழை வந்தால் எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவச் சொல்லாதீர்கள். அதனால் இன்னொரு பைதான் சேர்ந்து குழப்பம் கூடுவதும் உண்டு. “மக்களே, எந்தப் பைதான்? என்ன பெயர்? உன் கோப்புக்கு என்ன பெயர் வச்ச?” என்று கேளுங்கள். பதில் தேடும்போதே பிள்ளைக்குக் கணிப்பொறியின் உள்ளமைப்பு புரியத் தொடங்கும். எல்லாம் சரியானதும், ‘தமிழ்.யுடிஎஃப்8.கெட்_லெட்டர்ஸ்’ என்ற கட்டளையிடம் ‘பாறசாலை’யைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர்ப் பெயர் நான்கு எழுத்தாகப் பிரிந்து திரையில் வரும்.