தண்ணீருக்கடியில் ஒரு கியர்பாக்ஸ்

போர்ட் பிளேரில் (2024 செப்டம்பரிலிருந்து அரசு ஏடுகளில் ஸ்ரீ விஜயபுரம்) மின்னி பே, ஜங்லிகாட் பக்கம் கரையோரமாகப் போனால், டீசல் எஞ்சினை உள்ளே வைத்துத் தடதடக்கும் மர டிங்கிகளுக்கு நடுவே ஃபைபர் படகுகளையும் பார்க்கலாம். அவற்றின் பின்பலகையில் கவ்விக்கொண்டு நிற்பது அவுட்போர்டு மோட்டார். பாராடாங் தீவில் சுண்ணாம்புக் குகை பார்க்க வருகிறவர்களை அலையாத்திக் காட்டு ஓடை வழியே சீறிக்கொண்டு கூட்டிப் போவதும் இந்த வகை மோட்டார்தான்.

எஞ்சின், கியர், புரொப்பெல்லர் மூன்றும் ஒரே உடம்பில். சின்ன மோட்டார் என்றால் கழற்றித் தோளில் சுமந்து போகலாம். ஆழம் குறைந்தால் சாய்த்துத் தூக்கிவிடலாம். அமெரிக்காவின் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் 1909-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கேமரூன் வாட்டர்மேன் என்பவரும் ஒன்று செய்து விற்றார். பெயர் நின்றது என்னவோ எவின்ரூடுக்குத்தான்.

மேல்மூடிக்குள் இருக்கும் எஞ்சினைப் பற்றி எல்லோருக்கும் அக்கறை உண்டு. ஸ்பார்க் பிளக், கார்புரேட்டர் என்று எதையாவது கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். அடியில், புரொப்பெல்லருக்கு முன்னால் பருத்து நிற்கும் பகுதியை யாரும் சீண்டுவதில்லை. அதுதான் லோயர் யூனிட். எஞ்சினிலிருந்து நெட்டுக்குத்தாக இறங்கும் டிரைவ் ஷாஃப்ட்டின் நுனியில் ஒரு சின்னப் பல்சக்கரம். அது முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு பெரிய சக்கரங்களை எதிரெதிர்த் திசையில் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் இரண்டும் சும்மா சுழலும். கியர் போட்டால் நடுவில் இருக்கும் பல்வைத்த கிளட்ச் ஒரு பக்கம் நகர்ந்து, ஏதாவது ஒரு சக்கரத்தைப் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டோடு பூட்டிவிடும். பெரும்பாலான மோட்டார்களில் எஞ்சின் ஏறத்தாழ இரண்டு சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று சுற்றும். நாற்பது குதிரைத்திறனும் உள்ளங்கைக்குள் அடங்கும் இந்தச் சக்கரங்களின் பல் வழியாகத்தான் போயாக வேண்டும். அதைத் தாங்கிக் காப்பது சில நூறு மில்லிலிட்டர் கியர் ஆயில்.

டூ ஸ்ட்ரோக் மோட்டாரில் எஞ்சின் ஆயில் பெட்ரோலோடு கலந்து எரிந்து போய்விடுகிறது; வடித்து மாற்ற எதுவுமில்லை. உள்ளேயே தங்கி உழைப்பது லோயர் யூனிட் ஆயில் ஒன்றுதான். மறந்து போவதும் அதனால்தான். புது மோட்டாருக்கு முதல் பத்து, இருபது மணி நேர ஓட்டத்திலேயே ஒருமுறை மாற்ற வேண்டும். பிறகு நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான கணக்கு. தினமும் சவாரி போகிற படகுக்கு நூறு மணி நேரம் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும்.

வேலை சின்னதுதான், வரிசை முக்கியம். மோட்டாரை நேராக நிறுத்தி, அடியில் ஒன்றும் அதற்கு மேலே ஒன்றுமாக இருக்கும் இரண்டு திருகுகளில் முதலில் கீழ்த்திருகு. ஆயில் சொட்டுச் சொட்டாக வரும். மேல்திருகையும் கழற்றினால் காற்று உள்ளே புகுந்து, ஆயில் கொட்டத் தொடங்கும். கவனம்: பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களில் பக்கத்திலேயே நட்சத்திரத் தலை வைத்த இன்னொரு திருகும் இருக்கும். அது கியர் மாற்றும் அமைப்பைப் பிடித்து வைத்திருப்பது. அதைக் கழற்றினால் ஆயில் மாற்ற உட்கார்ந்தவர் லோயர் யூனிட்டையே பிரிக்க வேண்டி வரும்.

புது ஆயிலை மேலிருந்து ஊற்றக் கூடாது. கெட்டியான ஆயில் மேலிருந்து இறங்கும்போது காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். நிறைந்ததுபோலத் தெரிந்தாலும் நிறைந்திருக்காது. கீழ்த்துளையில் கைப்பம்பின் குழாயைத் திருகி மேல்நோக்கி ஏற்ற வேண்டும். ஆயில் ஏற ஏற, காற்று தானாக மேல்துளை வழியே வெளியேறும். அங்கே குமிழி இல்லாமல் ஆயில் வழிந்ததும் மேல்திருகை முதலில் இறுக்கிவிட வேண்டும். அதன் பிறகு பம்பைக் கழற்றினால், மேலே காற்று நுழைய வழியில்லாததால் ஆயில் அவ்வளவாகக் கொட்டாது; கீழ்த்திருகைப் போட நேரம் கிடைக்கும்.

என்னைக் கேட்டால், புது ஆயில் ஊற்றுவதைவிடப் பழைய ஆயிலைப் பார்ப்பதுதான் பெரிய வேலை. ஆயில் சூடாக இருந்தால் சீக்கிரம் வடியும் என்பதற்காகச் சிலர் மோட்டாரை ஓட்டிவிட்டு வடிப்பார்கள். நான் ஒரு இரவு ஓய விடச் சொல்வேன். தண்ணீர் புகுந்திருந்தால் ஆயிலைவிடக் கனமான அது அடியில் தங்கியிருக்கும்; திருகைத் திறந்ததும் முதலில் அதுதான் வரும். ஆயிலோடு கலந்துவிட்டிருந்தால் மொத்தமும் பால் விட்ட காபி நிறத்தில் இறங்கும். பல மாடல்களில் கீழ்த்திருகின் நுனியில் காந்தம் வைத்திருப்பார்கள். அதில் மை போல ஒட்டியிருக்கும் சாம்பல் நிறப் பசை வழக்கமான தேய்மானம். விரலில் நெருடும் துணுக்கு என்றால் பல் உடைகிறது என்று அர்த்தம். கியரைத் தயங்கித் தயங்கி மெல்லப் போடுகிறவர்களின் மோட்டாரில் இது சகஜம்: கிளட்ச் பற்கள் முழுதாகப் பூட்டாமல் முனையில் மோதி மோதிச் சிதறும். எஞ்சினை மெதுவாக்கி, ஒரே தள்ளில் போட வேண்டும்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது? பெரும்பாலும் குற்றவாளி தங்கூசி எனும் நைலான் நரம்பு. கடலில் மிதக்கும் அறுந்த வலை, தூண்டில் நரம்பு புரொப்பெல்லருக்குப் பின்னால் புகுந்து ஷாஃப்ட்டில் சுற்றிக்கொள்ளும். சுற்றச் சுற்ற இறுகி, ரப்பர் ஆயில் சீலின் உதட்டை அறுத்துவிடும். முழுவேகத்தில் ஓடிச் சூடேறிய லோயர் யூனிட், படகு நின்றதும் கடல்நீரில் குளிர்கிறது. உள்ளே இருக்கும் ஆயிலும் மிச்சக் காற்றும் சுருங்கி, அறுந்த சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். குளிர்நாடுகளில் இந்தத் தண்ணீர் பனிக்கட்டியாகி உலோகக் கூட்டையே பிளந்துவிடும் என்று பயப்படுவார்கள். அந்தமானில் அந்தப் பயம் இல்லை, உப்பு இருக்கிறது. சும்மா கிடக்கும் நாட்களில் பேரிங்குகளைத் துரு தின்னும். ஆகவே ஆயில் மாற்றும்போதே புரொப்பெல்லரையும் கழற்றி, நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

வடித்த ஆயில் கடலுக்குப் போகக் கூடாது. 2016-இன் அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய ஆயிலும் அடக்கம். கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுக்க வேண்டியதுதான்.

இரண்டு திருகுகளுக்கும் அடியில் இருக்கும் சின்ன வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். நசுங்கிய பழைய வாஷரே தண்ணீருக்கு வாசலாகிவிடும். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். உதிரிபாகம் பெரும்பாலும் கப்பலில்தான் வந்தாக வேண்டும். ஆகவே தீவில் மோட்டார் வைத்திருப்பவர் வாஷரை டஜன் கணக்கில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும், கூடவே ஒரு ஜோடி ஆயில் சீலும்.