அடைமொழியான ஊர்ப்பெயர்

"பேங்களூர்டு" என்று ஆங்கிலத்தில் ஓர் அடைமொழி உண்டு. இவ்வூரில் குடியேறிய நாம், நம்மைத்தான் குறிக்கிறது போலும் என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்காவில் 2000-ஐ அடுத்த சில ஆண்டுகளில் பரவிய இச்சொல், தாம் பார்த்த வேலை இந்தியாவுக்குப் போய்விட்டதால் வேலையிழந்தவரைச் சுட்டுவது.

"டிஸ்மிஸ்" ஆனவரிடம் ஏதோ குற்றம் கண்டிருப்பார்கள். ஆட்குறைப்பில் போனவருக்கு வேலையே இல்லாமற் போயிருக்கும். இவரோ குற்றமற்றவர், இவர் வேலையும் அழியவில்லை. குறைந்த சம்பளத்துக்கு வேறொருவர் கையில் அது நடந்துகொண்டேயிருக்கிறது. அந்த வேறொருவர் பல சமயம் நம் வீட்டுப் பிள்ளையே. ஆதலால் இச்சொல்லைக் கேட்டு மனம்விட்டுச் சிரிக்க நம்மால் இயலவில்லை.

இதற்கு மூத்தது "ஷாங்கைடு" என்னும் சொல். 19-ஆம் நூற்றாண்டில், மயக்க மருந்து கொடுத்தோ அடித்தோ கப்பல் வேலைக்குக் கடத்தப்பட்டவனை அவ்வாறு சொன்னார்கள். கடத்தியவர்கள் சான்பிரான்சிஸ்கோ முதலிய துறைமுகங்களில் இருந்த தரகர்கள். பழி ஏற்றதோ சீனத்து ஷாங்காய். நம் ஊரின் கதையும் அதுவே. வேலையை அனுப்பிவைத்தவர்கள் அந்நாட்டு முதலாளிகள் அல்லவா?

சொல் கேலியும் கசப்பும் கலந்தது. பேச்சுக்கும் பத்திரிகைக்கும் பொருந்தும், அலுவலகக் கடிதத்துக்கு ஆகாது. 2014 நவம்பர் 1 முதல் நகரின் ஆங்கிலப் பெயர் "பெங்களூரு" என்று மாறிவிட்டது. அடைமொழி மட்டும் பழைய எழுத்துக்களிலேயே நிற்கிறது.