விரிசலைப் பூசிவிடாதீர்கள்!

கல்குவாரி வேட்டில் சுவர் பிளந்தால் நம் ஆட்கள் உடனே கொத்தனாரைக் கூப்பிட்டுப் பூசிவிடுகிறார்கள். இருந்த ஒரே சாட்சியும் போயிற்று. இல்லையென்றால், குவாரிக்காரர் நீட்டும் சில ஆயிரத்தை வாங்கிக்கொண்டு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள். தருமபுரி மாவட்டத்துத் தீர்த்தமலைப் பக்கம் உள்ளவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: இரண்டும் வேண்டாம்.

மனுவில் எல்லோரும் சத்தத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். ஆனால் சுவரைப் பிளப்பது பெரும்பாலும் பாறை வழியாக வரும் அதிர்வலை. அது மெதுவாக ஆடினால் ஆபத்து அதிகம். வீட்டின் சொந்த ஆட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். அதனால்தான் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, 8 ஹெர்ட்ஸுக்குக் கீழான அதிர்வு, குடியிருப்பு வீடுகளில் விநாடிக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது. 25 ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் 15 வரை அனுமதி. தீர்த்தமலைக் கோயில் போன்ற பழங்கட்டடங்களுக்கு 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 மில்லிமீட்டர்தான். குவாரிக்காரரின் சொந்த வீட்டுக் கட்டடத்துக்கு வேறு வரம்பு உண்டு, அதே 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே 10 வரை. அதிர்வு அளந்த அறிக்கையில் அந்த வரம்பைக் காட்டி உங்களை ஏமாற்றப் பார்ப்பார்கள். கவனம்.

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதி 36, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை தரக்கூடாது என்கிறது. ஆனால் குடியிருப்பு என்பது வருவாய்ப் பதிவேட்டில் இருக்கும் ஊர், அல்லது ஒப்புதல் பெற்ற மனை. விவசாயப் பட்டாவில் அனுமதியின்றிக் கட்டிய வீடு கணக்கில் வராமல் போகலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் இதைப் பாருங்கள்.

விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். வேட்டு வைத்த தேதி, மணி எல்லாம் ஒரு நோட்டில் ஏறட்டும். பிறகு தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு. நகல்கள் மாவட்டப் புவியியல், சுரங்கத் துறைக்கும், அரூர் கோட்டாட்சியருக்கும், சென்னையிலுள்ள சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரக அலுவலகத்துக்கும். குவாரியின் சர்வே எண் கட்டாயம் வேண்டும். "நடவடிக்கை எடுக்கவும்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். வேட்டு வைக்கும் நாளில், என் வீட்டு வாசலில் அதிர்வுமானி வைத்து, என் முன்னிலையில் அளக்க வேண்டும் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் குவாரி ஓடாத நாளாகப் பார்த்து ஒருவர் வந்து, "அதிர்வு இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார். அளக்கும் நாளில் மட்டும் மருந்தைக் குறைப்பதும் உண்டு. எத்தனை குழி, ஒவ்வொரு தாமத வெடிக்கும் எத்தனை கிலோ என்ற வெடிப்பதிவேட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, குத்தகை ஆணை, சுற்றுச்சூழல் அனுமதி, அதன் நிபந்தனைகள் பற்றிய அரையாண்டு அறிக்கை மூன்றையும் வாங்குங்கள். மனு கொடுத்த ரசீதைத் தொலைக்காதீர்கள்.

எதுவும் நடக்காவிட்டால் சென்னையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. வேட்டை நிறுத்தக் கேட்பதானால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 6 மாதம். இழப்பீட்டுக்கு 5 ஆண்டு. ஆட்சியரிடம் மனு கிடக்கிறதே என்று காத்திருந்தாலும் இந்தக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.