அகழி சூழ்ந்த மனைகள்

இங்கிலாந்தின் கிழக்கு, மத்தியப் பிரதேசங்களில், வயல்வெளிகளுக்கு நடுவே சதுரமாகச் சூழ்ந்தோடும் தூர்ந்த பள்ளங்களைக் காண்போர், அவற்றை ஏதோ பழங்கோட்டையின் சின்னங்கள் என்று எண்ணக்கூடும். ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை, 1250 முதல் 1350 வரையிலான காலத்தில், சிற்றூர்ப் பிரபுக்களும் செல்வமிக்க குடியானவர்களும் தங்கள் மனைகளைச் சுற்றி வெட்டுவித்த அகழிகளேயாகும். ஏறக்குறைய 6,000 இடங்களில் இவை கண்டறியப்பட்டுள்ளன. பெரும்படையைத் தடுக்க இவை போதா. கள்வரை விலக்கியதோடு, உரியவரின் அந்தஸ்தை ஊரறியச் செய்வதும் இவற்றின் பிரதான நோக்கமாயிருந்தது.

அகழியை அடுத்துப் பல இடங்களில் மீன்குளங்களும் அமைந்தன. வெள்ளிக்கிழமைகளிலும், ஈஸ்டர் திருநாளுக்கு முந்திய தவக்காலத்திலும் மாமிசம் விலக்கப்பட்டிருந்த அந்தக் கிறிஸ்தவ சமுதாயத்தில், மதகுகளால் நீரைத் தேக்கியும் வடித்தும் வளர்த்த நன்னீர் மீன், உயர்குடியினரின் விருந்துக்குரிய அரும்பொருளாக மதிக்கப்பட்டது.

மாளிகைகள் மறைந்துவிட்ட இடங்களிலும், காற்றுப் புகாத அகழிச் சேறானது மரப்பாலத்தின் தூண்களையும், தோற்காலணிகளையும், விதைகளையும், மகரந்தத் துகள்களையும் பல நூற்றாண்டுகளாக அழியாது காத்து, அக்கால மாந்தர் உண்டதையும் பயிரிட்டதையும் ஆராய்ச்சியாளருக்கு உணர்த்துகிறது. நீர் வற்றினால் இந்தச் சான்றுகள் மக்கிப் போகும். ஆகவே, பள்ளத்தைத் தூர்க்காமலும் ஈரத்தை வடிக்காமலும் விட்டுவைப்பதே இச்சின்னங்களுக்குச் செய்யத்தக்க முதற்பெரும் பாதுகாப்பாகும்.