சுரங்கம் அரசின் கைக்கு வந்தபோது

1973 மே 1ஆம் தேதி, இந்தியாவில் 711 நிலக்கரிச் சுரங்கங்கள் ஒரே சட்டத்தின் மூலம் அரசுடைமை ஆயின. அதற்கு முந்தைய ஆண்டு, அதே மே தினத்தன்று, இரும்பு உருக்க வேண்டிய கோக்கிங் கரியைத் தரும் 214 சுரங்கங்கள் ஏற்கெனவே அரசின் கைக்கு வந்திருந்தன. எண்ணிக்கையைக் கேட்டால் ஏதோ பெரிய பெரிய ஆலைகளை வளைத்துப் போட்டதுபோல் தோன்றும். உண்மையில் இவற்றில் பல, நாலு வண்டியும் கொஞ்சம் கூலி ஆட்களும் வைத்து நடந்த சின்னச் சின்னக் குழிகள். 1969இல் இந்திரா காந்தி வங்கிகளை எடுத்தபோது கையில் வந்தவை 14 பெரிய நிறுவனங்கள். கணக்கும் கிளையும் ஒழுங்காக இருந்தன. இங்கே பல இடங்களில், பூமிக்கடியில் எதுவரை வெட்டியிருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடமே சரியாக இல்லை.

இந்தியாவில் நிலக்கரி வெட்டும் தொழில் 1774இல் வங்காளத்தின் ராணிகஞ்சில் தொடங்கியது. அது கொஞ்ச காலத்திலேயே படுத்துவிட்டது. 1830களில் ரவீந்திரநாத் தாகூரின் தாத்தா துவாரகாநாத் தாகூரின் கம்பெனி ராணிகஞ்ச் சுரங்கத்தை வாங்கி நடத்தியது என்பது பலருக்குத் தெரியாத செய்தி. தொழில் உண்மையிலேயே சூடு பிடித்தது 1853க்குப் பிறகு, ரயில் வந்ததும்தான். கல்கத்தாவின் ஆங்கிலேய ஏஜென்சிக் கம்பெனிகள், பிறகு மார்வாரி, குஜராத்தி, வங்காளி முதலாளிகள் என்று பலர் இறங்கினார்கள். ராணிகஞ்சைத் தாண்டி ஜாரியா, பொகாரோ என்று நிலக்கரி வயல்கள் விரிந்தன.

ஜாரியாவில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாட்டுடைமைக்கான காரணம் அங்கேதான் இருக்கிறது.

எல்லா நிலக்கரியும் ஒன்றல்ல. இரும்பு உருக்கும் ஊதுலைக்குக் கோக் வேண்டும். அந்தக் கோக்கைத் தரக்கூடிய உயர்ந்த ரகக் கரி இந்தியாவில் பெரும்பாலும் ஜாரியாவில்தான் கிடைக்கிறது. கனத்த படுகைகள், அதிக ஆழமும் இல்லை. வெட்ட எளிது, பாழாக்கவும் எளிது. நிலத்தடியில் கரி எடுக்கும் பழைய முறையில், குறுக்கும் நெடுக்குமாகச் சுரங்கப் பாதைகளை வெட்டிக்கொண்டே போவார்கள். நடுவே சதுரம் சதுரமாகக் கரியையே தூணாக விட்டுவிடுவார்கள். மேலே இருக்கும் கூரையைத் தாங்குவது அந்தத் தூண்கள். முதல் சுற்றில் கிடைப்பது கொஞ்சம்தான். பெரும்பகுதி கரி தூணிலேயே நிற்கும். இரண்டாவது சுற்றில், கடைசி மூலையிலிருந்து வாசலை நோக்கிப் பின்வாங்கியபடியே தூண்களை வெட்ட வேண்டும். வெட்டிய வெற்றிடத்தில் ஆற்று மணலைத் தண்ணீரோடு குழாயில் பாய்ச்சி நிரப்ப வேண்டும். தாமோதர் ஆறு பக்கத்தில்தான் ஓடுகிறது. ஆனால் மணலுக்குச் செலவு, குழாய்க்குச் செலவு, காத்திருக்க நேரம். பல முதலாளிகள் இதில் எதையும் செய்யவில்லை. கைக்கு எட்டிய நல்ல கரியை மட்டும் வெட்டினார்கள். தூண்களையும் ஓரம் ஓரமாகச் செதுக்கி எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்கள்.

தூண் மெலிந்தால் முதலில் பேசுவது முட்டுக்கொடுத்த மரம். படபடவென்று வெடிக்கும் ஓசை கேட்டால் ஓட வேண்டும் என்பது சுரங்கத்தில் இறங்குகிறவர் கற்கும் முதல் பாடங்களில் ஒன்று. கூரை விழுந்து மேலே நிலம் பிளந்தால், அந்தப் பிளவு வழியே காற்று உள்ளே போகும். மிச்சம் கிடக்கும் கரி காற்றுப் பட்டுத் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். ஜாரியாவில் முதல் தீ பதிவானது 1916இல். அரசு எடுத்துக்கொண்டபோது அங்கே பல பத்து இடங்களில் நிலத்தடித் தீ எரிந்துகொண்டிருந்தது. இத்தனைக்கும் நாட்டில் உருக்காலைகளுக்கு வேண்டிய கோக்கிங் கரி எப்போதும் பற்றாக்குறை. தீயில் போனது இன்னொரு தடவை கிடைக்காத சரக்கு.

சுதந்திரத்துக்குப் பின் அரசு ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை. 1956இல் ரயில்வேயின் சொந்தச் சுரங்கங்களைக் கொண்டு தேசிய நிலக்கரி வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கியது. ஐதராபாத்தில் அதற்கும் முன்பே, 1945இல், நிஜாம் அரசு சிங்கரேணி சுரங்கத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிவிட்டிருந்தது. ஆனால் ஜாரியாவும் ராணிகஞ்சும் தனியாரிடமே இருந்தன. பாதுகாப்புச் சட்டங்களும் கூலி வாரியப் பரிந்துரைகளும் காகிதத்தில் இருந்தன. கூலி கொடுக்கும் இடத்தில் வட்டிக்காரனும் தடியாளும் நின்றார்கள். 1965இல் தோரி சுரங்கத்தில் நடந்த வெடிவிபத்தில் 268 பேர் இறந்தார்கள். அதுவும் தனியார் சுரங்கம்தான்.

இந்தக் கட்டத்தில்தான் நம்மூர்க்காரர் ஒருவர் வருகிறார். சென்னை மாகாண முதல்வராக இருந்த ப. சுப்பராயனின் மகன் மோகன் குமாரமங்கலம். ஒரு காலத்தில் கம்யூனிஸ்ட், வழக்கறிஞர், 1971இல் புதுச்சேரியிலிருந்து மக்களவைக்குப் போய், உருக்கு மற்றும் சுரங்கத் துறை அமைச்சரானவர். அவர் காலத்தில் அரசு நாட்டுடைமையை இரண்டு படியாகச் செய்தது. 1971 அக்டோபரில் அவசரச் சட்டம் போட்டுக் கோக்கிங் சுரங்கங்களின் நிர்வாகத்தை மட்டும் எடுத்தது. உடைமை 1972இல் மாறியது. மற்ற சுரங்கங்களுக்கு 1973 ஜனவரி இறுதியில் நிர்வாகம், மே மாதம் உடைமை. டாடாவின் சுரங்கங்கள் போன்ற, உருக்காலைகளுக்கே சொந்தமானவற்றை விட்டுவிட்டார்கள். இப்படி முதலில் நிர்வாகத்தைத் திடீரென்று எடுத்தது புத்திசாலித்தனம் என்றே எனக்குத் தோன்றுகிறது. விஷயம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் இயந்திரங்களும் கணக்குப் புத்தகங்களும் இரவோடு இரவாக வண்டியேறியிருக்கும்.

அதைத் தடுத்தும் ஒரு திருட்டைத் தடுக்க முடியவில்லை. அரசு வருகிறது, வேலை நிரந்தரமாகும் என்றதும், தொழிலாளர் பெயர்ப் பட்டியலில் சுரங்கத்தையே பார்த்திராத பலர் நுழைந்தார்கள். ஆண்டுக்கணக்கில் கரி வெட்டிய பலரும், குறிப்பாகப் பெண்களும் பழங்குடிகளும், பட்டியலில் இல்லாமல் போனார்கள். ஜாரியா இருக்கும் தன்பாத் பக்கம் கரி மாஃபியா தழைத்ததற்கு அந்தக் காலத்துத் தொழிற்சங்க அரசியலும் ஒரு காரணம்.

1973 மே 31ஆம் தேதி சென்னையிலிருந்து டெல்லி போன விமானம் அங்கே பாலம் விமான நிலையத்தின் அருகே விழுந்ததில் குமாரமங்கலம் இறந்தார். சட்டம் அமலுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

1975 நவம்பர் 1ஆம் தேதி கோல் இந்தியா பிறந்தது. அந்த ஆண்டு உற்பத்தி 79 மில்லியன் டன். 2023–24இல் 77 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. ஏறக்குறைய பத்து மடங்கு. தொழிலாளருக்குக் கிடைத்ததும் சிறிதல்ல: 1975 முதல் தேசிய அளவிலான கூலி ஒப்பந்தம், குடியிருப்பு, மருத்துவமனை. ஆனால் உற்பத்தி பெருகிய விதத்தைக் கவனிக்க வேண்டும். ஆரம்பத்தில் பெரும்பகுதி கரி நிலத்தடியிலிருந்து வந்தது. இன்று நிலத்தடியின் பங்கு நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. மற்றதெல்லாம் திறந்தவெளிச் சுரங்கம்: காட்டையும் ஊரையும் மேல்மண்ணையும் அகற்றிவிட்டு, ராட்சத லாரிகளில் அள்ளுவது. டன்னுக்கு ஆகும் செலவு குறைவு, ஆளும் குறைவு. தமிழ்நாட்டு அனல்மின் நிலையங்களுக்கு ஒடிசாவின் தால்சேரிலிருந்து ரயிலிலும் கப்பலிலும் வரும் கரி இப்படி அள்ளியதுதான்.

அரசு வந்ததும் சாவு நின்றுவிடவில்லை. கோல் இந்தியா பிறந்து இரண்டு மாதம் முடிவதற்குள், 1975 டிசம்பர் 27இல், தன்பாத் அருகே சாஸ்னாலாவில் கைவிடப்பட்ட பழைய குழியில் தேங்கியிருந்த தண்ணீர் சுவரை உடைத்துக்கொண்டு புகுந்தது. இறந்தவர்கள் 375 பேர். அது ஒரு உருக்குக் கம்பெனியின் சுரங்கம். அந்தக் கம்பெனியின் நிர்வாகம் ஏற்கெனவே அரசிடம்தான் இருந்தது. 1989இல் ராணிகஞ்சின் மகாபீர் சுரங்கத்தில் அதேபோல் வெள்ளம் புகுந்தபோது நடந்தது வேறு. மேலிருந்து ஒரு துளை போட்டு, ஒரே ஓர் ஆள் நிற்கக்கூடிய எஃகுக் கூண்டைச் செய்து இறக்கினார்கள். பொறியாளர் ஜஸ்வந்த் சிங் கில் தாமே முதலில் அதில் உள்ளே இறங்கினார்; ஒவ்வொருவராக 65 பேரை மேலே அனுப்பினார்கள். ஆறு பேரைக் காப்பாற்ற முடியவில்லை.

நாட்டுடைமைச் சட்டம் கரைந்தது மெதுவாக. 1976இல் இரும்பு உருக்குக் கம்பெனிகளுக்கும் 1993இல் மின்சாரக் கம்பெனிகளுக்கும் சொந்தப் பயன்பாட்டுக்கு வெட்டிக்கொள்ள வழி திறந்தது. ஏலமே இல்லாமல் குழு கூடிக் கொடுத்த சுரங்க ஒதுக்கீடுகள் ஊழல் வழக்காகி, 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 204 ஒதுக்கீடுகளை ரத்து செய்தது. 1973ஆம் ஆண்டின் சட்டமே 2018 ஜனவரியில், காலாவதியான சட்டங்களை நீக்கும் பட்டியலோடு சேர்ந்து சத்தமில்லாமல் நீக்கப்பட்டது. 2020இல் யார் வேண்டுமானாலும் வெட்டி விற்கலாம் என்று ஏலம் தொடங்கியது.

கோல் இந்தியாவில் இன்றும் பெரும்பான்மைப் பங்கு அரசுடையதே. ஆனால் ஒரு காலத்தில் ஆறு லட்சத்துக்கு மேல் இருந்த நிரந்தரத் தொழிலாளர்கள் இப்போது இரண்டேகால் லட்சம் அளவுக்கு வந்துவிட்டார்கள். மேல்மண் அகற்றுவதும் கரி அள்ளுவதும் கணிசமாக ஒப்பந்தக்காரர்கள் கையில். அவர்களுடைய ஆட்களுக்கென்று தனியே நிர்ணயித்த கூலி ஒன்று உண்டு. அது முழுசாகக் கைக்கு வருவதில்லை என்பதுதான் சங்கங்கள் இப்போது எழுப்பும் புகார்.