உங்களுக்குத் தெரியுமா? 80 ஆண்டு கழித்துக் கட்சி மாறிய ஆரஞ்ச் கவுண்டி

கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டி, டிஸ்னிலேண்ட் இருக்கும் பகுதிதான் ஆரஞ்ச் கவுண்டி. 1936-இல் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை ஆதரித்த இந்தக் கவுண்டி, 1940 முதல் 2012 வரை நடந்த 19 அதிபர் தேர்தல்களிலும் குடியரசுக் கட்சிக்கே வெற்றியைக் கொடுத்தது. ஒருமுறைகூட மாறவில்லை! 1964-இல் ஜனநாயகக் கட்சியின் லிண்டன் ஜான்சன் நாடெங்கும் வாரிச் சுருட்டியபோதும் இங்கே ஜெயித்தவர் பாரி கோல்ட்வாட்டர்தான்.

குடியரசுக் கட்சி அதிபராக இருந்த ரிச்சர்ட் நிக்ஸனும் இந்த மண்ணின் மைந்தர். யோர்பா லிண்டாவில் அவருடைய தந்தை கட்டிய சிறிய மரவீட்டில் 1913-இல் பிறந்தார். அந்த வீடு இன்றும் நிற்கிறது. அதே வளாகத்தில்தான் நிக்ஸன், அவர் மனைவி பேட் இருவரின் கல்லறைகளும் இருக்கின்றன.

2016-இல் குடியரசுக் கட்சியின் இந்தக் கோட்டை சரிந்தது. ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளின்டன் வென்றார்.

இது திடீர் மாற்றமல்ல. ஆரஞ்சுத் தோப்புகள் குடியிருப்புகளாயின. லத்தீன் அமெரிக்க, ஆசிய வம்சாவளியினர் பல்லாண்டுகளாகப் பெருகிவந்தனர். படித்த நடுத்தர வர்க்கத்தில் பலரும் குடியரசுக் கட்சி வேட்பாளர் டிரம்ப்பை ஏற்கவில்லை. 2020-இல் ஜோ பைடன் 53 சதவீதத்துக்கு மேல் பெற்றார். 2024-இல் கமலா ஹாரிஸ் முந்தினாலும் வித்தியாசம் 3 சதவீதத்தைத் தொடவில்லை.