மின்மாற்றி எண்ணெயும் தீவுகளின் ஈரக்காற்றும்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த சிறிது காலத்திற்குள் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. மழையற்ற நாட்களிலும் கடற்காற்றில் ஈரம் நிறைந்தே இருக்கும். இத்தகைய சூழ்நிலையில்தான் டிரான்ஸ்பார்மர் என வழங்கும் மின்மாற்றிகள் இரவும் பகலும் வெட்டவெளியில் நின்று பணியாற்றுகின்றன.

இத்தீவுகளுக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் இடையே மின்கம்பித் தொடர்பு கிடையாது. வட அந்தமானில் திக்லிப்பூருக்கு அருகே 5.25 மெகாவாட் திறனுள்ள கல்பாங் புனல் மின்நிலையம் 2001ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. சூரிய ஒளியிலிருந்தும் ஓரளவு மின்சாரம் பெறப்படுகிறது. எனினும் பெரும்பகுதித் தேவையை ஆங்காங்கே உள்ள டீசல் மின்நிலையங்களே நிறைவு செய்கின்றன. தொலைவிலுள்ள தீவொன்றில் மின்மாற்றி பழுதுற்று, அங்கே மாற்றுக் கருவி இல்லையெனில், அது கப்பலில் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து, 2024 வரை போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்துக்குக் கடல்வழி ஏறக்குறைய 1200 கிலோமீட்டர்; அங்கிருந்து வேறு கலத்தில் ஏற்றியாக வேண்டும். அதுவரை சுகாதார நிலையத்தின் மருந்துக் குளிர்பெட்டியும் ஊரின் குடிநீர்ப் பம்பும் என்னாகும் என்பதை எண்ணிப் பார்த்தால், எண்ணெயைப் பேணுதல் எத்துணை முக்கியமான பணி என்பது விளங்கும்.

எண்ணெயின் பணிகள்

மின்மாற்றியின் செப்புச் சுருள்களும் இரும்பு உள்ளகமும் எண்ணெய் நிறைந்த தொட்டியில் அமிழ்ந்துள்ளன. பெட்ரோலியத்தினின்று வடித்தெடுத்துத் தூய்மை செய்யப்பட்ட இவ்வெண்ணெய் இரு பணிகளைச் செய்கிறது. முதலாவது, சுருள்களில் தோன்றும் உஷ்ணத்தை ஏற்று, மேலெழுந்து, தொட்டியின் சுவரையும் குளிர்விக்கும் குழாய்களையும் அடைந்து, அவ்வுஷ்ணத்தை வெளிக்காற்றில் விடுதல். இரண்டாவது, உயர் மின்னழுத்தமுள்ள பாகங்களுக்கிடையே மின்சாரம் பாயாதவாறு காத்தல். சுருள்களைச் சுற்றியுள்ள காகிதமும் எண்ணெயில் ஊறியே தன் காப்புத் திறனைப் பெறுகிறது.

மின்மாற்றி மூச்சுவிடுகிறது

சுமை ஏறும்பொழுது எண்ணெய் சூடேறி விரிகிறது. சுமை குறைந்தால் குளிர்ந்து சுருங்குகிறது. முற்றிலும் மூடி முத்திரையிடப்பட்ட வகைகள் நீங்கலாக, ஏனைய மின்மாற்றிகள் விரியும்போது காற்றை வெளியே தள்ளி, சுருங்கும்போது உள்ளே இழுக்கின்றன. தீவுகளில் நல்ல வெயிலில் காய்ந்து நிற்கும் தொட்டியின்மீது திடீரென மழை கொட்டுவது வழக்கம். எண்ணெய் விரைந்து சுருங்கி, காற்று மிக ஈரமாக இருக்கும் அந்நேரத்திலேயே மின்மாற்றி உள்மூச்சு வாங்குகிறது.

இதன் விளைவைக் கணக்கிட்டுக் காணலாம். ஒரு மின்மாற்றியில் 200 லிட்டர் எண்ணெய் உள்ளது எனக் கொள்வோம். அது 20 பாகை சென்டிகிரேடு குளிர்ந்தால் ஏறக்குறைய 3 லிட்டர் சுருங்கும். அந்த அளவு காற்று உட்புகும். தீவுகளின் ஈரக்காற்றில் ஒரு கனமீட்டருக்கு ஏறக்குறைய 20 கிராம் நீராவி உண்டு. ஆகவே ஒரு மூச்சில் 0.06 கிராம் நீர் உள்ளே செல்கிறது. நாளுக்கு ஒரு மூச்சு என்றாலும் 100 நாட்களில் 6 கிராம் ஆகும். 200 லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 175 கிலோகிராம். நுழைந்த நீர் முழுவதும் எண்ணெயிலேயே தங்குமானால் அது பத்து லட்சத்தில் 34 பங்காகும்.

இது அற்பமெனத் தோன்றலாம். ஆனால் 20 பாகையில் எண்ணெய் தன்னுள் கரைத்து வைக்கக்கூடிய நீரே பத்து லட்சத்தில் சுமார் 55 பங்குதான். 60 பாகையில் அது ஏறக்குறைய 240 பங்கு வரை கரைத்துக்கொள்ளும். ஆதலால் சூடான எண்ணெயில் மறைந்திருந்த நீர், மின்மாற்றி நிறுத்தப்பட்டுக் குளிர்ந்ததும் துளிகளாகப் பிரியக்கூடும். மேலும் நீரின் மிகப்பெரும் பகுதியைக் காகிதமே உறிஞ்சிக்கொள்கிறது. எண்ணெயை வடிகட்டிவிடலாம்; காகிதத்தை உலர்த்துவதோ பெருமுயற்சி.

மூச்சுக்குப்பியைக் கவனித்தல்

உட்புகும் காற்றை உலர்த்துவதற்காகவே பிரீதர் எனப்படும் மூச்சுக்குப்பி அமைக்கப்பட்டுள்ளது. இதிலுள்ள சிலிக்கா ஜெல் மணிகள் ஈரத்தை ஈர்க்கின்றன. நீலநிற மணிகள் ஈரமடைந்தால் இளஞ்சிவப்பாக மாறும். அவற்றுக்கு நிறமூட்டும் கோபால்ட் உப்பு உடல்நலத்துக்குத் தீங்கானது என்பதால் ஆரஞ்சு நிற மணிகளும் இப்பொழுது வழக்கில் உள்ளன. பாதிக்கு மேற்பட்ட மணிகள் நிறம் மாறியதும் வேறு மணிகளை இடுதல் வேண்டும். ஈரமடைந்த நீல மணிகளை 120 முதல் 130 பாகை உஷ்ணத்தில் உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம்.

காற்று கீழிருந்து நுழைவதால் நிறமாற்றமும் கீழிருந்தே தொடங்கும். மேல்மணிகள் முதலில் நிறம் மாறினால், மூச்சுக்குப்பியின் வழியன்றி வேறு வழியாகக் காற்று புகுகிறது என்று ஐயுற்று, இணைப்புகளையும் காஸ்கெட்டுகளையும் சோதிக்க வேண்டும். குப்பியின் அடிக்கிண்ணத்தில் குறித்த அளவு எண்ணெய் உள்ளதா என்பதையும் பார்த்தல் அவசியம். வறண்ட மாவட்டங்களில் பல மாதங்கள் உழைக்கும் மணிகள் இத்தீவுகளில் அவ்வளவு காலம் உழைக்கும் என எதிர்பார்த்தலாகாது.

மாதிரி எடுக்கும் முறை

சோதனையின் உண்மை மாதிரியைப் பொறுத்தது. மின்தொடர்பை முறைப்படி துண்டித்து, அனுமதி பெற்ற பின்னரே மின்மாற்றியை அணுகுதல் வேண்டும். நீர் எண்ணெயைவிடக் கனமானதாகையால், தொட்டியின் அடி வால்விலிருந்து மாதிரி எடுக்கப்படுகிறது. வால்வின் வாயைத் துடைத்து, முதலில் சிறிது எண்ணெயை வெளியே விட்டு, உலர்ந்த கண்ணாடிப் புட்டியை அதே எண்ணெயால் அலசி, பின்னர் நிரப்புக. மழையிலும் பனியிலும் மாதிரி எடுத்தல் கூடாது. கைவிரலோ பஞ்சுத் துணியோ புட்டியின் உட்புறத்தைத் தொடலாகாது. ஒரு நூலிழையும் சோதனையைக் கெடுத்துவிடும்.

மின்முறிவுச் சோதனை

சோதனைக் கலத்தில் இரு மின்முனைகள் 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ளன. எண்ணெயை ஊற்றிக் குமிழிகள் அடங்கச் சில நிமிடங்கள் விட்டு, மின்னழுத்தத்தை நொடிக்கு 2 கிலோவோல்ட் வீதம் உயர்த்திச் செல்வர். பொறி பாயும் அழுத்தம் குறித்துக்கொள்ளப்படும். இவ்வாறு ஆறுமுறை செய்து சராசரி காணல் வேண்டும். ஊர்களில் காணப்படும் 11 கிலோவோல்ட், 33 கிலோவோல்ட் மின்மாற்றிகளில் பயன்பாட்டிலுள்ள எண்ணெய்க்குச் சராசரி 30 கிலோவோல்ட்டுக்குக் குறையலாகாது. குறையுமாயின் வடிகட்டுதல் அவசியம்.

பொறி ஏன் பாய்கிறது? எண்ணெயில் மிதக்கும் நுண்ணிய நார்கள் ஈரத்தை ஏற்று, மின்புலத்தால் இழுக்கப்பட்டு, முனைகளுக்கிடையே பாலம்போல் அணிவகுக்கின்றன. அப்பாலத்தின் வழியே மின்சாரம் பாய்கிறது. ஈரமும் நாரும் தனித்தனியே இருப்பதைவிடச் சேர்ந்திருப்பதே பெருங்கேடு.

இச்சோதனையில் தேறிய எண்ணெய் எல்லா வகையிலும் நல்லதே எனக் கொள்ளுதல் தவறு. உஷ்ணத்தில் எண்ணெய் பிராணவாயுவுடன் சேர்ந்து அமிலமாகிறது. செம்பு இதனை விரைவுபடுத்துகிறது. முடிவில் கசடு தோன்றிக் குளிர்விக்கும் பாதைகளை அடைக்கிறது. காகிதமோ, 6 முதல் 8 பாகை உஷ்ணம் மிகுந்தாலே இருமடங்கு வேகத்தில் நலிகிறது. எனவே அமிலத்தன்மையையும் அளத்தல் வேண்டும். ஒரு கிராம் எண்ணெயின் அமிலத்தை முறிக்க 0.3 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தேவைப்பட்டால் நடவடிக்கை எடுக்க வேண்டும். சாதாரண வடிகட்டும் இயந்திரம் ஈரத்தையும் நாரையும் நீக்குமேயன்றி அமிலத்தை நீக்காது. அதற்கு அமிலத்தை ஈர்க்கும் களிமண் கொண்டு சுத்திகரித்தலோ எண்ணெயை மாற்றுதலோ வேண்டும்.

புதிய எண்ணெய்க்கான விதிகள் ஐ.எஸ். 335 என்ற இந்தியத் தர நிர்ணயத்திலும், பயன்பாட்டிலுள்ள எண்ணெயைப் பேணும் முறை ஐ.எஸ். 1866 என்பதிலும் கூறப்பட்டுள்ளன.

பீப்பாய்களும் மூச்சுவிடும்

இருப்பிலுள்ள புதிய எண்ணெயும் இதே விதிக்குட்பட்டது. பீப்பாயை நிமிர்த்தி மழையில் வைத்தால் அதன் மேல்தட்டில் நீர் தேங்கும். பகலில் விரிந்து இரவில் சுருங்கும் எண்ணெய், மூடி சற்றே தளர்ந்திருந்தாலும் அந்நீரை உறிஞ்சிவிடும். ஆகவே பீப்பாய்களைக் கூரையின்கீழ், தரையில் படாதவாறு கட்டைகளின்மேல் படுக்க வைத்து, இரு மூடிகளும் ஒரே மட்டத்தில் எண்ணெய்க்குள் அமையுமாறு திருப்பி வைக்க வேண்டும்.

பள்ளியில் செய்து காட்டல்

ஆசிரியர்கள் இதனை எளிதில் விளக்கலாம். ஒரு கண்ணாடிக் குடுவையைத் துளையிட்ட தக்கையால் மூடி, துளையில் வளைந்த குழாயைச் செருகி, அதன் மறுமுனையை நீரில் அமிழ்த்துக. குடுவையை இரு கைகளாலும் அணைத்துப் பிடித்தால் குமிழிகள் வெளிவரும். கைகளை எடுத்தால் நீர் குழாயில் ஏறும். இதுவே மின்மாற்றியின் மூச்சு. பின்னர் உலர்ந்த சிலிக்கா ஜெல்லைத் தட்டிலிட்டு எடைபோட்டு, மறுநாளும் எடைபோடுக. கூடியுள்ள எடை, ஒரே நாளில் அது வகுப்பறைக் காற்றிலிருந்து ஏற்ற நீரின் எடையாகும். ஊரின் மின்மாற்றியில் தொங்கும் சிறு குப்பி எதற்கு என்பதை அதன்பின் மாணவர்களே கூறுவர். அதன் நிறம் மாறியிருப்பின், வேலிக்கு வெளியே நின்று கண்டு, மின்துறை ஊழியருக்குத் தெரிவிக்கவும் அவர்களால் இயலும்.